அணையாமல் நின்ற லாரி

அத்தநாரியின் லாரி பட்டறை வீதிக்குள் நுழைந்து, ரேஷன் கடையைத் தாண்டி, அவன் வீட்டு வாசலில் எப்போதும் நிற்கும் அதே இடத்தில் வந்து நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதன் இன்ஜின் நிற்கவில்லை என்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. பின்பலகையைத் திறந்து, ஐஸ் பாளங்களுக்கு நடுவே போர்வை சுற்றிக் கிடந்த அத்தநாரியை இறக்க வேண்டியிருந்தது, சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட வேண்டியிருந்தது, பந்தல்காரனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, மயங்கி விழுந்த பரிமளத்தின் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. சுடுகாட்டுக்குப் போய்வந்து, தலைமுழுகி, ஆளுக்கொரு வாய் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான், பேசுகிறவர்கள் எல்லோரும் கத்திப் பேசுவதை உணர்ந்த யாரோ கேட்டார்கள், "ஏனுங்க, அந்த வண்டிய யாராச்சும் அணைக்கக்கூடாதா?" என்று.

பொன்னுரங்கம் எழுந்து போனார். அத்தநாரி வண்டி எடுத்த காலத்திலிருந்து அவனுடன் மாற்றி மாற்றி ஓட்டியவர் அவர்தான். நாக்பூரைத் தாண்டி வரும்போது அத்தநாரிக்கு நெஞ்சு வலித்ததும், வண்டியை ஓரங்கட்டியதும், சீட்டிலேயே உயிர் போனதும் அவர் கண்ணெதிரில்தான். ஏற்றியிருந்த ஆரஞ்சை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, அதே வண்டியில் அவனைக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. அது பழைய வண்டி, சாவியைத் திருகினால் மட்டும் அடங்காது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தார். அவருக்குப் பிறகு ஏறி இழுத்த ஆம்பளைகளுக்கும் அடங்காமல் வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஜமால் பாயைக் கூப்பிட்டார்கள். பாய் கேபிளைப் பார்த்தார், டீசல் வருகிற குழாயைக் கழற்றிப் போட்டார், அதற்கும் அடங்காமல் போகவே டேங்குக்குள் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி நனையவில்லை. கட்டியிருந்த கழுத்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டில டீசலே இல்லீங்களே, நான் எதைங்க நிறுத்தறது?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அதற்கப்புறம் வந்தது கருமாதிப் பிரச்சினை. காரியம் செய்துவைக்க வந்தவர் வாசலில் சித்த நேரம் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பிறகு அத்தநாரியின் அண்ணன் நாச்சிமுத்துவைத் தனியாக அழைத்து, தனியாக அழைத்ததற்குப் பலனில்லாமல் வீதிக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார்: "டிரைவர் வண்டிய ஓட்டிட்டு இருக்கறப்ப அவருக்கு நான் எப்படிங்க கருமாதி பண்றது? முதல்ல வண்டி நிக்கட்டும்."

கருமாதி தள்ளிப்போனது. கருமாதியன்றுதான் தாலி கழற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், தாலியும் பரிமளத்தின் கழுத்திலேயே இருந்தது. விசேஷத்துக்கு அவளை அழைப்பதா வேண்டாமா, அழைத்தால் எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் அழைப்பது, ஆனால் அவள் காதில் விழாதபடி மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த இன்ஜின் சத்தத்தில் அதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை.

பரிமளம் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி அணையாததைப் பார்த்து ஆச்சரியப்படாதவள் அந்த வீதியில் அவள் ஒருத்திதான். "அவரு வூட்டுக்கு வந்தா என்னைக்குங்க வண்டிய அணைச்சிருக்காரு?" என்று கேட்டாள். உண்மைதான். லோடு ஏற்றப் போகிற வழியில் வருவான், ஓடுகிற வண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவான், நின்றபடி சோறு தின்பான், மகள் தாரணியைத் தூக்கி இறக்குவான், போய்விடுவான். "அணைஞ்சு நின்னாத்தான் அவரு போயிட்டாருன்னு அர்த்தம். ஓடிட்டு இருந்தா, வந்திருக்காருன்னு அர்த்தம்" என்றாள் பரிமளம். சொல்லிவிட்டு, தினமும் காலையில் வாசல் தெளித்த கையோடு ஒரு குடம் தண்ணீரை எடுத்துப்போய் ரேடியேட்டரில் ஊற்றினாள்.

எதற்கும் பழகிக்கொள்வதில் எங்கள் வீதியை மிஞ்ச ஆளில்லை. முதல் வாரம் தூக்கம் கெட்டது, இரண்டாம் வாரம் சத்தம் இல்லாத ஊருக்குப் போனவர்களுக்குத் தூக்கம் கெட்டது. இட்லிக் கடை ருக்மணியக்கா, பனிக்காலத்தில் மாவு புளிக்காமல் அழுகிறவர், அண்டாவைக் கொண்டுவந்து வண்டியின் முன்பக்கச் சூட்டில் வைத்தார். மாவு பொங்கி வழிந்தது, இட்லி பூவாக வந்தது, அதில் அடித்த லேசான இன்ஜின் வாசனைக்கும் வாடிக்கையாளர்கள் பழகி, அது இல்லாத கடையில் சாப்பிட்டால் என்னவோ குறைகிறது என்றார்கள். கைக்குழந்தைக்காரிகள் வண்டியின் பக்கவாட்டுக் கொக்கிகளில் தூளி கட்டினார்கள். ஆட்டுவதற்கு ஆள் வேண்டியதில்லை, வண்டியின் அதிர்விலேயே பிள்ளைகள் தூங்கின. அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்து வரும், சாயங்காலம் விளக்கு வைக்கும்போது அவற்றைப் பின்னால் தள்ளி வைப்பதும் ஒரு வேலையாகச் சேர்ந்தது. நாங்கள் எல்லோரும் கத்திப் பேசக் கற்றுக்கொண்டோம். கல்யாண மண்டபத்தில் யாராவது பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டால், மேடையில் இருக்கிற மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, பட்டறை வீதிக்காரங்க வந்துட்டாங்க என்று சொல்லுமளவுக்குப் பேர் வாங்கினோம். எங்கள் வீதியில் இரகசியம் என்ற ஒன்றே ஒழிந்துபோயிற்று.

வண்டியிலிருந்து புகை வரவில்லை, வாசனை வந்தது. ஆரம்பத்தில் ஆரஞ்சு. அத்தநாரி கடைசியாக ஏற்றிய லோடு அதுதான் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒருநாள் வீதி முழுக்க வெங்காயம் மணத்தது, அதற்கப்புறம் மிளகாய் வற்றல் நெடி ஏறி ஊரே தும்மியது, பிறகு ஆப்பிள், பிறகு ஈரச் சணல், பிறகு மழையில் நனைந்த மார்பிள் தூள். பொன்னுரங்கம்தான் கண்டுபிடித்தார். "இது நாசிக் வெங்காயமுங்க, ஆரஞ்சுக்கு முன்னால போன லோடு. அதுக்கு முன்னால குண்டூரு மிளகாய். போன லோடெல்லாம் பின்னாலிருந்து ஒவ்வொண்ணாத் திரும்பி வருது" என்றார்.

அன்றிலிருந்து காலையில் தண்ணீர் ஊற்றி முடித்ததும் பரிமளம் வண்டியின் பின்பக்கம் போய் நிற்பாள், மூச்சை இழுப்பாள், பொன்னுரங்கத்தைப் பார்ப்பாள். அவர் அந்த லோடு போன கதையைச் சொல்வார், கத்திக் கத்திச் சொல்வார். எந்த ஆற்றுப் பாலத்தில் விடியவிடிய நின்றார்கள், எந்த ஊரில் மொழி தெரியாமல் சைகையால் குழம்பு கேட்டு வாங்கினார்கள், எங்கே டயர் வெடித்தது, பனியில் ரோடு தெரியாமல் அத்தநாரி எப்படி முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கையே பிடித்துக்கொண்டு மலை இறங்கினான் என்றெல்லாம் சொல்வார். "அன்னைக்கு என்னங்கண்ணா சாப்பிட்டாரு?" என்று கேட்பாள் பரிமளம். "எங்க படுத்தாரு? குளுருச்சாமா?" ஈரோட்டைத் தாண்டி எங்கும் போகாதவள் அவள். புருஷன் உயிரோடு இருந்தபோது போகிற இடம் கேட்டால் "வடக்கே" என்ற ஒரே சொல்லைத்தான் பதிலாகப் பெற்றவள். இப்போது அவளுக்கு வடக்கு முழுவதும் தெரிந்துபோயிற்று, அவனுடன் வாழ்ந்த காலத்தில் கிடைக்காத அவன் அவளுக்கு இப்போதுதான் கிடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

லோடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. தாரணி பிறந்த வருஷத்து நெல் மணத்தது. ஒருநாள் காலையில் சிமெண்ட் தூளோடு கலந்து வாடிப்போன மாலையின் வாசனை வந்தது. பொன்னுரங்கம் சொல்வதற்கு வாயைத் திறந்தார். "இது எனக்கே தெரியுமுங்கண்ணா" என்றாள் பரிமளம். கல்யாணம் முடிந்த மறுநாளே அந்த வண்டிக்கு முதல் லோடு வந்துவிட்டது என்று கிளம்பியவன், கழுத்து மாலையை வண்டியின் முகப்பில் மாட்டிக்கொண்டு போனான். அந்த வாசனை அது. அன்று முழுவதும் அவள் வண்டியின் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள், சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

அதற்கு மறுநாள் ஒரு வாசனையும் இல்லை. கருகிய எண்ணெய் நாற்றம்தான் அடித்தது. இன்ஜின் சத்தமும் மாறிவிட்டது. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த வண்டி விட்டு விட்டு ஓடியது, இழுத்தது, குலுங்கியது, நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி பற்றிக்கொண்டது. போல்ட்டுகள் கழன்று விழுந்தன. தாய்மார்கள் தூளிகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

"இது இன்ஜின் கோளாறில்லீங்க" என்றார் ருக்மணியக்கா, மாவு அண்டாவைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர். "உசுரு இழுத்துட்டுக் கெடக்குது. எங்க மாமனாரு இப்படித்தான் கெடந்தாரு. பால் ஊத்துங்க, போயிரும்."

அவர் சொன்ன பிறகு அதைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. உயிர் பிரியாமல் கிடப்பவர்களுக்கு உறவுக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு சொட்டுப் பால் ஊற்றுவதைத்தானே காலம்காலமாகச் செய்கிறோம். யாருக்காகக் காத்துக் கிடக்கிறதோ அவர் கையால் ஊற்றும்போது அந்த உயிர் பிரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீதியே சொம்பும் டம்ளருமாகக் கூடியது. ஜமால் பாய் மட்டும் ஓடிவந்து, "ரேடியேட்டர்ல பாலை ஊத்துனா இன்ஜின் கெட்டுருமுங்க" என்று கெஞ்சினார். "கெடட்டும்னுதானுங்க பாய் ஊத்தறோம்" என்றார் ருக்மணியக்கா. பாய் டீக்கடைக்குப் போய்த் தன் பங்குக்கு ஒரு டம்ளர் பால் வாங்கிவந்தார்.

அண்ணன் நாச்சிமுத்து முதலில் ஊற்றினார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. அத்தநாரியோடு பள்ளிக்கூடம் படித்தவர்கள் ஊற்றினார்கள். பொன்னுரங்கம் ஊற்றினார். மண்ணாசையோ என்று அத்தநாரியின் காட்டு மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், பொன்னாசையோ என்று தங்கத்தை உரசிய தண்ணீர் ஊற்றினார்கள். வீதி முழுக்கப் பால் காய்ந்து தீய்கிற வாடை அடித்தது. வண்டி இழுத்துக்கொண்டேதான் இருந்தது. ஊற்ற வேண்டிய ஆட்கள் எல்லோரும் ஊற்றி முடித்த பிறகு, யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எல்லோரும் பரிமளத்தைப் பார்த்தோம்.

நாச்சிமுத்து ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, வாசற்படியில் வைத்தாள்.

"நான் ஊத்தமாட்டேனுங்க மாமா. நான் ஊத்துனா அவரு போயிருவாரு."

"அவன் போயிட்டான் அம்மிணி."

"வண்டி ஓடுதுங்களே."

நாச்சிமுத்து திரும்பி வண்டியைப் பார்த்தார். வண்டி ஓடத்தான் செய்தது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் கொடுமையானவை. இன்ஜின் அடங்கி, மூச்சு நின்றதுபோல ஒரு கணம் அமைதியாகும். செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பரிமளம் வாசலுக்கு ஓடிவருவாள். வண்டி உலுக்கி எடுத்து மறுபடி ஓடும். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் பார்க்காததுபோல எங்கள் வீட்டு வாசலைக் கூட்டுவோம். ஒரு ஆளைச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறாளே என்று அவள்மேல் எங்களுக்குக் கோபம்கூட வந்தது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று மட்டும் யாரும் பேசவில்லை.

கடைசியில் பொன்னுரங்கம்தான் போய்ப் பேசினார். காலை வெயில் ஏறியிருந்தது. குடத்தோடு வந்தவளை நிறுத்தி, இன்ஜினுக்கு மேல் குரலை உயர்த்தி, வீதிக்கே கேட்கும்படி அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அம்மிணி, அன்னைக்கு நடந்தது பூராவும் நான் உங்கிட்டச் சொல்லல. சொன்னா அதையே புடிச்சுட்டு உக்காந்துருவேன்னு பயமா இருந்துச்சு."

பரிமளம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நெஞ்சு வலிக்குதுன்னு ஓரங்கட்டுனான். ஹேண்ட்பிரேக்கைப் போட்டான். நான் அணைக்கறதுக்குக் கைய நீட்டுனேன். 'அணைக்காதீங்கண்ணா, சித்த நேரம் கண்ண மூடிட்டு எந்திரிச்சர்றேன், போயரலாம்'னான். அப்படியே சாஞ்சான். அவ்வளவுதான்." பொன்னுரங்கத்துக்கு இதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவனுக்குத் தெரியாது அம்மிணி. செத்துட்டோம்னே அவனுக்கு இன்னும் தெரியாது. வண்டி ஓடிட்டு இருக்குது, எந்திரிச்சுப் போயரலாம்னு படுத்திருக்கான். போன ரோடெல்லாம் திரும்பிப் போய்ப் பாத்துட்டான். இனிப் போறதுக்கு ரோடு இல்ல. என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுட்டுத் தவிக்கறான்."

பரிமளம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உலுக்கியது, இழுத்தது.

"நீங்க சொல்லியிருக்கலாமுங்களே அவருகிட்ட" என்றாள்.

"தெனமும் சொல்றேன் அம்மிணி. அண்ணன் வெளையாடறாருன்னு நெனச்சுக்குவான். நீ சொன்னாத்தான் நம்புவான்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வண்டியின் முன்கதவை நோக்கி நடந்தாள். டிரைவர் சீட்டில் பெண்கள் ஏறக்கூடாது என்பது எங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம். குமிழை இழுக்க ஊரில் உள்ள அத்தனை ஆம்பளைகளையும் ஏற்றிப் பார்த்த நாங்கள், கட்டினவளை ஏறச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பொன்னுரங்கம் கதவைத் திறந்து, எந்தப் படியில் கால் வைக்க வேண்டும், எதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்று காட்டினார். இத்தனை வருஷம் வாசலில் வந்து நின்ற வண்டிக்குள் அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக ஏறினாள். உட்கார்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக வாயசைவு மட்டும் தெரிந்தது. முதலில் திட்டினாள் என்று நினைக்கிறோம், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அப்புறம் வீட்டைக் காட்டினாள், வாசலில் நின்ற தாரணியைக் காட்டினாள், விரலை மடக்கி மடக்கி ஏதோ சொன்னாள்; ரேஷன் அட்டை, பள்ளிக்கூடம், கூரை ஒழுகல் என்று வீட்டு விஷயங்களாகத்தான் இருக்கும், வெளியூர் போகிறவனிடம் வேறு என்ன சொல்வார்கள். ஸ்டீயரிங்கைத் தடவினாள். பிறகு முன்னால் குனிந்து, மிகச் சின்னதாக, இரண்டே இரண்டு வார்த்தை இருக்கும், சொன்னாள். சொல்லிவிட்டுக் கையைக் கீழே கொண்டுபோய்க் குமிழை இழுத்தாள்.

வண்டி நின்றது.

உலுக்கவில்லை, இழுக்கவில்லை, மற்ற வண்டிகள் நிற்பதுபோல் நின்றது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. மெயின் ரோட்டில் பஸ் போவது கேட்டது. "ஐயோ தம்பி" என்று நாச்சிமுத்து சொன்னது, பழகிப்போன கத்தலில், வீதியின் அந்தக் கோடிவரைக்கும் போய் எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அந்த அமைதியில், சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து பரிமளத்தின் அழுகை வந்தது. வாய்விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி அடிவயிற்றிலிருந்து எடுத்து அழுகிற அழுகை. எங்கள் வீட்டுப் பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புருஷனைத் தூக்கிக் கொண்டுபோன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், எத்தனை தைரியம், எத்தனை கல்நெஞ்சு என்று அவளைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசியவர்கள்தான் நாங்கள்.

ருக்மணியக்கா தாரணியை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். "பயந்துக்காத கண்ணு. அழுவட்டும் உங்கம்மா. இத்தனை மாசமா அழுவாம அடக்கி வெச்சிருந்தா, இன்னைக்குத்தான் வருது."

தாரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பேசுவதென்றால் கத்துவதுதான் என்று பழகிய பிள்ளை, வீதியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இல்லீங்கத்தை. அம்மா தெனமும் இப்படித்தான் அழுவும். உங்களுக்குத்தான் கேக்காது."